சுவரைப் பாக்காதே தம்பி, மடியைப் பாரு

கையில என்னா தம்பி அது, அவ்வளவு தடியா? பிள்ளைங்களைப் பாத்துக்கிற தாஸ்கா விளம்பரத் தாளா? குடு, கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாக்குறேன்.

“சமூக, உணர்ச்சி வளர்ச்சித் திட்டம்.” அடேங்கப்பா. “தன்னை அறிதல், தன்னை அடக்குதல், பரிவு, உறவுத்திறன், பொறுப்பான முடிவெடுத்தல்.” பிள்ளைக்கு என்னா வயசு? ஒன்றரையா? ஒன்றரை வயசுல பொறுப்பா முடிவெடுக்கப் போறானா? உங்க அப்பனுக்கு அறுபது தாண்டிருச்சு, இன்னும் அந்தப் பாடம் நடக்கல. சரி விடு, அது எனக்கும் அவனுக்கும் உள்ள பழைய கணக்கு.

கோவிச்சுக்காத. நீ கவலைப்படுறது நியாயம்தான். நீயும் பொண்டாட்டியும் விடியறதுக்கு முன்ன மோட்டார்ல ஏறணும். ஜொகூர் பாலத்துல நெரிசல்ல நிக்கணும். அந்தப் பக்கம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இறங்கி பஸ்ஸு பிடிக்கணும். திரும்பி வர்றப்ப பிள்ளை தூங்கிருக்கும். நடுவுல பன்னெண்டு மணி நேரம் அவன் யாரு கையில இருக்கான்? அதைக் கேக்க வேண்டியதுதான். ஆனா நீ எதைக் கேக்குற? சுவர்ல என்னா ஒட்டியிருக்குன்னு கேக்குற.

போன மாசம் எம் பேரன் பொண்டாட்டி ஒரு இடத்தைப் பாக்கப் போனா. நானும் ஒட்டிக்கிட்டேன். பேரு எதுக்கு, ஊருக்குள்ள ஒரு தாமான் குடியிருப்பு, முனையில கடைவீடு, அங்கதான். உள்ள போனா சில்லுன்னு ஏர்கோன். சுவர்ல வட்டவட்டமா மூஞ்சிங்க. ஒன்னு சிரிக்குது, ஒன்னு அழுவுது, ஒன்னு முறைக்குது, இன்னொன்னுக்கு வயித்துவலின்னு நினைக்கிறேன். பிள்ளைக்கு ஒரு துணிக் கிளிப்பு. காலைல வந்ததும் அன்னிக்கு மனசு எப்படியோ அந்த மூஞ்சியில கிளிப்பை மாட்டணுமாம்.

நின்னு பாத்தேன். ரெண்டு வயசுப் பொடிப்பய ஒருத்தன் வந்தான். மூக்கு ஒழுகுது. டீச்சரம்மா கிளிப்பைக் கையில குடுத்து, “இன்னைக்கு எப்படி ஃபீல் பண்றீங்க?”ன்னு கேட்டுச்சு. பய கிளிப்பை வாயில போட்டுக் கடிச்சான். அந்தம்மா அதைப் பிடுங்கித் தொடைச்சு, தானே சிரிக்கிற மூஞ்சியில மாட்டிவிட்டுச்சு. ஒரு போட்டோ எடுத்துச்சு. அது அவன் ஆத்தா கைப்பேசிக்குப் பறந்துருச்சு. “இன்று உங்கள் பிள்ளை: மகிழ்ச்சி.” அவ ஜூரோங்குல கம்பெனியில நின்னுக்கிட்டு அதைப் பாத்து ஒரு இதயப்படம் போட்டிருப்பா. பய மூக்கு ஒழுகிக்கிட்டே வாசலைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். மூக்கு துடைக்க அந்தக் கைப்பேசியில பொத்தான் வெக்கலை போல.

நான் வேற வேலை பாத்தேன். தலையை எண்ணினேன். அந்த அறையில ரெண்டு வயசு, ரெண்டரை வயசுல பதினாலு பிள்ளைங்க. பெரியவங்க ரெண்டு பேரு. அதுல ஒருத்தர் போட்டோகாரர்.

சட்டம் என்னா சொல்லுது தெரியுமா? தெரியாது. ஆனா கைப்பேசி எத்தனை மெகாபிக்சல்னு தெரியும் உனக்கு. 1984ல மலேசியாவுல தாஸ்கா சட்டம் வந்துச்சு. நாலு வயசுக்குக் கீழ, வேற வேற வீட்டுப் பிள்ளைங்க நாலு பேரு ஒரு இடத்துல சேந்தா, அந்த இடத்தைச் சமூகநல இலாகாவுல பதியணும். வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கிற அக்காவுக்கும் அது உண்டு. ஒரு வயசு ஆகாத கைக்குழந்தைன்னா மூணு பேருக்கு ஒரு ஆளு. ஒன்னுலேர்ந்து மூணு வயசு வரைக்கும் அஞ்சு பேருக்கு ஒரு ஆளு. மூணுலேர்ந்து நாலு வயசுக்குப் பத்துப் பேருக்கு ஒரு ஆளு. பாத்துக்கிறவங்க அதுக்குன்னு பயிற்சி எடுத்திருக்கணும். இந்த மூணு, அஞ்சு, பத்துலதான் விசயமே இருக்கு. ஒரு மனுசிக்கு எத்தனை மடி? ஒன்னுதானே? அதுல எத்தனை பிள்ளை ஏறும்? சட்டம் எழுதினவன் எவனோ பிள்ளை வளர்த்தவன்தான்.

பதினாலை அஞ்சால வகுத்துப் பாரு. மூணாவது ஆளு எங்கன்னு கேட்டேன். லீவாம். பேரன் பொண்டாட்டி என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா.

இப்ப நான் பழைய காலத்தைப் பாடப் போறேன்னு உனக்குத் தெரிஞ்சிருச்சு. கொட்டாவி விடாத. கொஞ்சந்தான்.

இன்னைக்கு மவுண்ட் ஆஸ்டின்னா உனக்குக் கேக்குக் கடையும் கார் நெரிசலும். அது கித்தா, ரப்பர்த் தோட்டம் தம்பி. ஸ்கூடாய்ப் பக்கம் முத்தியாரா ரினின்னு வீடுங்க வரிசையா நிக்குதே, அது ரினி தோட்டம். அங்க உள்ள தமிழ்ப்பள்ளி இன்னும் அந்தத் தோட்டத்துப் பேரைத்தான் வெச்சிருக்கு. விடியறதுக்கு முன்ன பெரட்டு, பேர் கூப்பிடுவாங்க. வெயில் ஏறினா பால் ஓடாது, அதனால இருட்டோட மரத்தடிக்குப் போயிரணும். ஆம்பள பொம்பள ரெண்டும் போகணும். பிள்ளை? ஆயாக் கொட்டாய்ல.

பாத்தியா, அன்னிக்கும் விடியாத நேரத்துலதான் பிள்ளையை விட்டோம். கித்தாவுக்குப் பதிலா இப்ப கம்பெனி. தோட்டத்துச் சடக்குக்குப் பதிலா பாலம். பிள்ளை தூக்கக் கலக்கத்துல கைமாறுற நேரம் மட்டும் மாறவே இல்ல.

அந்தக் கொட்டாய் சொர்க்கம்னு நான் சொன்னா என் வாய்ல புழு விழும். தகரக் கூரை. கொசு. சிரங்கு. ஒரே ஒரு கிழவி, சில நாள் இருபது பிள்ளைங்க. அழுத பிள்ளைகிட்ட “பூச்சாண்டி வர்றான்”னு சொல்லி வாயை மூடுவா. ஆம்பளைப் பிள்ளை அழுதா “பொட்டச்சியாடா நீ”ன்னு கேப்பா. அந்தப் பேச்சைக் கேட்டு வளந்தவனுங்க பல பேரு அப்புறம் அழ வேண்டிய இடத்துல எல்லாம் குடிச்சானுங்க. அதனால இப்ப டீச்சருங்க “உனக்குப் பயமா இருக்கா, கோவமா இருக்கா”ன்னு பிள்ளைக்கு எடுத்துச் சொல்றாங்களே, அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். அது நல்ல பழக்கம். சொல்லத் தெரிஞ்சவன் கடிக்க மாட்டான். ஆனா சொல்றதுக்கு ஒரு ஆளு பக்கத்துல உக்காரணும். சுவர்ல ஒட்டின மூஞ்சி உக்காருமா?

அந்தக் கிழவிகிட்ட ஒரு வித்தை இருந்துச்சு. புதுசா வந்து அழுவுற பிள்ளைக்கு மிட்டாய் குடுக்க மாட்டா, எங்க இருக்கு மிட்டாய்? தன் முந்தானை முனையைப் பிள்ளை கையில குடுத்துருவா. அவ்வளவுதான். அவ அடுப்புகிட்ட போனா அதுவும் போகும். தூளி ஆட்டினா அதுவும் நிக்கும். காலை பூரா அவ பின்னாலயே முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தும். அவ அதைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா, ஆனா முந்தானையை உருவவும் மாட்டா. ஒரு வாரத்துல பிள்ளை தானா விட்டுட்டு மத்த பிள்ளைங்களோட கோழி விரட்டப் போயிரும். போனது தெரிஞ்சா முந்தானையை எடுத்து இடுப்புல சொருகுவா. எந்த நோட்டுலயும் எழுத மாட்டா.

ஆத்தாக்காரி தன் தலைத்துண்டை அங்கயே விட்டுட்டுப் போவா. கித்தாப்பால் நாத்தம் அடிக்கும். பிள்ளை அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கும். இதை எம் பேத்திகிட்ட சொன்னேன், அவ பிள்ளை வளர்ப்புப் படிப்பு படிக்கிறா. “தாத்தா, இதுக்குப் பேரே இருக்கு, வின்னிக்காட்டுன்னு ஒரு டாக்டர் 1951லயே இதைப் பத்திப் பேசியிருக்காரு”ன்னு சொன்னா. இங்கிலாந்துக்காரராம். ஆத்தாவை விட்டுப் பிரியுற பிள்ளைக்கு அந்தத் துணி பாதி ஆத்தாவாம். பாரு, நம்ம அழுக்குத் துண்டுக்கு லண்டன்ல மரியாதை. இங்க என்னாடான்னா, வீட்டுத் துணி கொண்டு வரக்கூடாது, சுத்தம் முக்கியம்னு சில தாஸ்காவுல வாசல்லயே பிடுங்கி வெச்சுர்றாங்க. அப்புறம் பிள்ளை தூங்கலன்னு தூங்க வெக்கப் பாட்டுப் பெட்டி வாங்குறாங்க. உன் பொண்டாட்டியோட பழைய கைலி ஒன்னு இருக்குமே, துவைக்காம குடுத்து அனுப்பு. வேணாம்னு சொன்னா ஏன்னு கேளு.

அடுத்தது முக்கியமான விசயம். இதுக்குத்தான் உன்னை உக்கார வெச்சேன்.

பிள்ளையை விட்டுட்டுக் கிளம்புறப்ப என்னா பண்ணுவ? “அதோ பாரு காக்கா”ன்னு காட்டுவ. பிள்ளை காக்காயைத் தேடும். நீ பூனை நடை நடந்து வெளியேறி மோட்டாரை முடுக்குவ. அழாம விட்டுட்டு வந்தேன்னு பொண்டாட்டிகிட்ட பெருமை வேற. பிள்ளை திரும்பிப் பாக்குது. காக்காயும் இல்ல, அப்பனும் இல்ல. அது என்னா கத்துக்குது? கண்ணை எடுத்தா அப்பன் காணாமப் போயிருவான்னு கத்துக்குது. மறுநாள் உன் கழுத்தை விடாது. “ஏன் ஒட்டிக்கிட்டே இருக்கான், வளர்ச்சியில குறையோ”ன்னு ஆயிரம் வெள்ளி செலவு பண்ணி ஒரு நிபுணர்கிட்ட தூக்கிட்டுப் போவ. யாரு காக்கா காட்டினது?

ஒன்றரை வயசுப் பிள்ளை ஆத்தா அப்பனைப் பிரிஞ்சா அழும். எட்டு மாசத்துல தொடங்குற அழுகை அது. இந்த வயசுலதான் உச்சிக்கு ஏறும். அழாம யாருகிட்ட வேணும்னாலும் தாவுற பிள்ளையைப் பாத்தாத்தான் எனக்குப் பயம். அழட்டும். நீ குனி, மூஞ்சியைப் பாத்துச் சொல்லு: “அப்பா வேலைக்குப் போறேன். ராத்திரி சோறு தின்ன அப்புறம் வந்து தூக்கிட்டுப் போவேன்.” சொன்னா வரணும். நெரிசல்ல மாட்டினா தாஸ்காவுக்குப் போன் பண்ணிப் பிள்ளைகிட்டயே சொல்லு. அவனுக்கு மணி தெரியாது, ஆனா சொல் தெரியும்.

நான் கிழவன் சொன்னா நம்ப மாட்ட. அமெரிக்காக்காரன் சொன்னாத்தானே உனக்கு ஏறும்? கேளு. அம்பது அறுபது வருசத்துக்கு முன்ன அங்க வால்டர் மிஷெல்னு ஒரு பேராசிரியர், சின்னப் பிள்ளைங்க முன்னால ஒரு தித்திப்புப் பண்டத்தை வெச்சாரு. “நான் வர்ற வரைக்கும் தின்னாம இருந்தா இன்னொன்னு தர்றேன்.” காத்திருந்த பிள்ளை பின்னால பெரிய ஆளா வந்துச்சுன்னு உலகம் பூரா பேசினாங்க. உடனே நம்ம ஆளுங்க என்னா பண்ணுனாங்க? வீட்டுக்கு வீடு மிட்டாயை வெச்சுப் பிள்ளையைச் சோதிச்சுப் படம் பிடிச்சுப் போட்டாங்க. பிள்ளை தின்னுருச்சுன்னா முகத்தைத் தொங்கப் போட்டாங்க.

அப்புறம் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல செலஸ்ட் கிட்னு ஒரு பொண்ணு வந்துச்சு. கூர்மையான பொண்ணு. 2013ல அவங்க ஆராய்ச்சி வெளியாச்சு. மிட்டாய்க்கு முன்னாலயே பிள்ளைங்களை ரெண்டு கூட்டமாப் பிரிச்சாங்க. ஒரு கூட்டத்துகிட்ட “நல்ல வண்ணப் பென்சில் கொண்டு வர்றேன்”னு சொல்லிட்டு, சொன்னபடி கொண்டு வந்தாங்க. இன்னொரு கூட்டத்துகிட்ட அதையே சொல்லிட்டு, “மன்னிச்சுக்க, இல்லியாம்”னு வெறுங்கையோட வந்தாங்க. அதுக்கப்புறம்தான் மிட்டாய். சொல்லைக் காப்பாத்தின கூட்டத்துப் பிள்ளைங்க சராசரி பன்னெண்டு நிமிசம் காத்திருந்துச்சுங்க. ஏமாந்த கூட்டம்? மூணு நிமிசம். 14 பேர்ல ஒரே ஒரு பிள்ளைதான் கடைசி வரைக்கும் தாக்குப் பிடிச்சுச்சு.

பாத்தியா சேதியை? பொறுமை பிள்ளையோட குணம்னு நினைச்சு அதைச் சோதிச்சாங்க. சோதிச்சிருக்க வேண்டியது பெரியவங்க வாயை. ஏமாந்த பிள்ளை கண்ணு முன்னால உள்ளதைத் தின்னுருச்சு, அதுல என்னா தப்பு? நீயா இருந்தாலும் தின்னுருப்ப. கங்காணி “அடுத்த மாசம் சேத்துத் தர்றேன்”னு சொன்னா எங்க ஆளுங்க எவனாச்சும் காத்திருந்தானா?

தன்னடக்கப் பாடம் அங்க இருக்கு, வாசப்படியில. கட்டணம் கிடையாது.

இந்த இடத்துல எனக்கு 2020 ஞாபகம் வருது. மார்ச் 18. பாலத்தை மூடிட்டாங்க. 1924ல திறந்த பாலம், நானும் அது மூடிக் கிடந்து பாத்ததில்ல. வேலை போயிருமேன்னு அவசரமா ஒரு பையோட அந்தப் பக்கம் ஓடினவங்க அங்கயே மாட்டிக்கிட்டாங்க. ரெண்டு வாரம்னு சொன்னாங்க. பஸ்ஸுல வந்து போற வழி 2021 நவம்பர் கடைசியிலதான் திறந்துச்சு. பழையபடி எல்லாரும் போய் வர 2022 ஏப்ரல் ஆச்சு. இங்க ஜொகூர் பாருவுல எத்தனை பிள்ளைங்க ஆத்தாவைக் கைப்பேசிக் கண்ணாடியில மட்டும் பாத்து வளந்துச்சுங்க! எங்க வீட்டு வரிசையில ஒரு பொடிப்பொண்ணு, ஆத்தா திரும்பி வந்து வாசல்ல நின்னப்ப, ஓடிப் போயிப் பாட்டி கைப்பேசியை எடுத்து அதுல தேடுச்சு. ஆத்தாக்காரி நல்லவ, அவசரப்பட்டுத் தூக்கல. திண்ணையில உக்காந்து பிள்ளையோட கோப்பையை வெச்சு விளையாடினா. ரெண்டு மூணு நாள் அப்படியே. அப்புறம் அதுவா வந்து மடியில ஏறுச்சு. யாரும் பாடம் எடுக்கல அவளுக்கு.

சரி, “பகிர்ந்துண்ணப் பழக்குகிறோம்”னு இந்தத் தாள்ல போட்டிருக்கே, அதுக்கு வருவோம். ஒன்றரை வயசுல பகிரணுமா? உன் மோட்டாரை உன் தம்பி ஒரு நாள் கேட்டதுக்கு ஒரு வாரம் பேசாம இருந்தியே? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதான். ரெண்டு வயசுப் பிள்ளைங்க பக்கத்துப் பக்கத்துல உக்காந்து, தனித்தனியா விளையாடும். ஒன்னை ஒன்னு ஓரக்கண்ணால பாத்துக்கும். அதுவே பெரிய நட்பு. 1932லயே மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒரு அம்மா பிள்ளைங்களை உக்காந்து பாத்து இதை எழுதி வெச்சிருச்சு. சேந்து கூடி விளையாடுறது அப்புறம் தன்னால வரும், மூணு நாலு வயசுல. கித்தா மரத்தைக்கூட அஞ்சாறு வருசம் ஆகி, தண்டு பெருத்து, அளந்து பாத்துட்டுத்தான் உளியை வெப்போம். முந்தி வெச்சா பால் வராது, பட்டைதான் கெடும். மரத்துக்குக் குடுக்கிற தவணையைப் பிள்ளைக்குக் குடுக்க மாட்டியா? பொம்மைக்குச் சண்டை போட்டா அதே பொம்மை ரெண்டு வாங்கி வெக்கச் சொல்லு. முடிஞ்சுது.

கடிக்கும் பாரு, அதையும் சொல்லிர்றேன். ஒரு நாள் உன் பிள்ளை கையில பல்லுத் தடத்தோட வருவான். இல்லாட்டி உன் பிள்ளை இன்னொருத்தன் கையில தடம் போட்டு அனுப்புவான். உடனே வாட்சாப்புக் குழுவுல தீப்பிடிக்கும். படம் போடுவாங்க, சிவப்பா வட்டம் போடுவாங்க. “யாரு பெத்தது?”ம்பாங்க. சிசிடிவியை ஓட்டிப் பாக்கணும்பாங்க. ராத்திரி பத்து மணிக்கு ஒரு வக்கீல் மாமா வாயைத் திறப்பாரு. கடிச்ச பயலும் கடி வாங்கின பயலும் அதுக்குள்ள ஒரே தட்டுல பிஸ்கட் தின்னு முடிச்சிருப்பானுங்க. வாயில சொல்லு இல்லாத வயசு, பல்லு மட்டும் இருக்கு. “தாக் நாக்”னு சொல்லக் கத்துக்கிட்டான்னா கடி குறையும். நம்ம ஊருத் தாஸ்காவுல பிள்ளைங்க முதல்ல கத்துக்கிற மலாய் அதுதான், வேணாம். வேணாம்னு சொன்னா அதை மதிக்கிற ஆளு பக்கத்துல இருந்தாப் போதும்.

சிசிடிவின்ன உடனே ஞாபகம் வருது. நீயும் கேட்டியாமே, “நேரலையில பாக்கலாமா”ன்னு? பாரு, தாராளமாப் பாரு. துவாஸ்ல மிசினுக்கு முன்னால நின்னு பிள்ளை அழுவுறதைப் பாத்து என்னா பண்ணுவ? பாலத்தைத் தாண்டி ஓடி வருவியா? கேமரா கண்ணு வேணும்தான், கெட்டவன் பயப்படட்டும். ஆனா அது அழுத பிள்ளையைத் தூக்காது.

தூக்குறது யாருன்னு பாக்கலாம் வா. இதுதான் எவனும் பேச மாட்டேங்கிற சங்கதி.

2025 பிப்ரவரியிலேர்ந்து இந்த நாட்டுல குறைஞ்சபட்சச் சம்பளம் மாசம் 1,700 வெள்ளி. அஞ்சு பேருக்குக் குறைவா ஆள் வெச்சிருக்கிற சின்ன இடங்களுக்கு அதே வருசம் ஆகஸ்டுலேர்ந்து. இப்பக் கணக்குப் போடு, கைப்பேசி வேணாம், விரல் போதும். அஞ்சு பிள்ளைக்கு ஒரு ஆளு. 1,700ஐ அஞ்சால வகுத்தா தலைக்கு 340 வெள்ளி. கைக்குழந்தைன்னா மூணால வகு, தலைக்கு 567 கிட்ட வருது. இது அந்த ஆயா சம்பளம் மட்டும். கடைவீட்டு வாடகை, சோறு, பாம்பர்ஸ் மாத்துற இடம், ஏர்கோன் பில்லு, ஈ.பி.எஃப். எல்லாம் இதுக்கு மேல. அப்ப ஒருத்தன் இதைவிட மலிவாப் பாத்துக்கிறேன்னு சொன்னா சந்தோசப்படாத. எதைக் குறைச்சான்னு கேளு. ஆளைக் குறைச்சிருப்பான், இல்ல ஆளோட சம்பளத்தைக் குறைச்சிருப்பான். நிறையக் கட்டணம் வாங்குறவன் ஒழுங்குன்னும் நினைச்சிராத. அவன் சுவருக்குச் செலவு பண்ணியிருப்பான்.

ஜொகூர் பாருவுல இன்னொரு வினை இருக்கு. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம்ம வெள்ளி மூணுக்கு மேல. நீ எதுக்குப் பாலம் தாண்டுற? அதுக்குத்தான். உன் பிள்ளையைப் பாத்துக்கிற பொண்ணுக்கு மட்டும் கணக்குத் தெரியாதா? பிள்ளைக்கு அவ முகம் பழகி, அவ இடுப்புல ஏறித் தூங்கத் தொடங்குற நேரத்துல அவளும் அந்தப் பக்கம் போயிர்றா. சாப்பாட்டுக் கடையில தட்டுக் கழுவினாக்கூட இங்க கிடைக்கிறதைவிடக் கூட வரும். போற பொண்ணு மேல தப்பு இல்ல. புதுசா ஒருத்தி வர்றா, பிள்ளை மறுபடியும் முதல்லேர்ந்து அழுவுது. அவளும் போறா. மூணாவது ஆளுகிட்ட பிள்ளை அழறதை நிறுத்திடும். “பழகிட்டான்”னு உனக்குச் சேதி வரும். பழகல தம்பி. யாரும் நிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டான். சுவர்ல கிளிப்பு சிரிக்கிற மூஞ்சியிலதான் மாட்டியிருக்கும்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொன்னாங்க. ஊட்டுறவளோட பிள்ளை எதைத் தின்னு வளரும்னு எவனாச்சும் கேட்டானா? அவ பிள்ளை எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு? அவ பேராச்சும் தெரியுமா? “டீச்சர்”னு ஒரு பேரு இல்ல தம்பி.

அதனால இடம் பாக்கப் போறப்ப இந்தத் தாளை வீட்டுல வெச்சுட்டுப் போ. நேரத்தைச் சொல்லாம போ. பிள்ளைங்க சோறு தின்னுற நேரம், இல்லாட்டி தூங்கி எழுந்திரிக்கிற நேரம் போ, அப்பத்தான் சாயம் வெளுக்கும். பதிவுச் சான்று மாட்டியிருக்கான்னு பாரு. தலையை எண்ணு. அழுவுற பிள்ளைகிட்ட யாரு போறாங்க, நின்னுக்கிட்டே பேசுறாங்களா, குனியிறாங்களான்னு பாரு. ஆயாமாருங்க இங்க வேலைக்கு வந்து எத்தனை வருசமாச்சுன்னு பொறுப்பாளரைக் கேக்காத, தரை கூட்டிக்கிட்டு இருக்கிற அக்காவைக் கேளு. அந்த அக்கா பொய் சொல்ல மாட்டா, சொல்றதுக்கு அவளுக்குக் காசு குடுக்கல.

கடைசியா ஒன்னு. வருசக் கடைசியில கொன்வோ, பட்டமளிப்பு வைப்பாங்க. மூணு வயசுப் பிள்ளைக்குக் கருப்பு அங்கி, தலையில சதுரத் தொப்பி, கையில சுருட்டின தாளு. மண்டப வாடகை, அங்கி வாடகை, போட்டோ, சாப்பாடு எல்லாம் பெத்தவங்க தலையில. பிள்ளை மேடையில தொப்பியைக் கழட்டி எறியும், இல்லாட்டி ஒன்னுக்குப் போயிரும். நீ அதுக்கும் கை தட்டுவ. அதுக்குப் பணம் கேட்டு ஒரு கூட்டம் போடுவாங்க பாரு, அந்தக் கூட்டத்துக்கு லீவு போட்டாவது போ. எழுந்து நில்லு. “எங்களுக்கு அங்கி வேணாம், இந்தக் காசை ஆயாமாருங்க சம்பளத்துல சேருங்க, அடுத்த வருசமும் இதே ஆளுங்க இருக்கணும்”னு சொல்லு. மத்தவங்க திரும்பிப் பாப்பாங்க. பாக்கட்டும். உன் பொண்டாட்டியைப் பக்கத்துல உக்கார வெச்சுக்க, அவ உன்னைவிடச் சத்தமாப் பேசுவா.